ஐந்து மணிப் பசிக்கு ஒரு டப்பா

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ‘பப்பி சௌ’ என்று ஒரு தின்பண்டம் உண்டு. நாய்க்குட்டித் தீனி என்று பொருள். அரிசியில் செய்த, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சதுரச் சீரியலை உருக்கிய சாக்லேட்டிலும் வேர்க்கடலை வெண்ணெயிலும் புரட்டி, மேலே பொடித்த சர்க்கரையைக் கொட்டிக் குலுக்குவார்கள். ஒரு கிண்ணம் வைத்தால் ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும். செப்டம்பர் பிறந்ததும் இதற்கு இலையுதிர்கால வாசனை ஏறும்: பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பொடித்த சர்க்கரைக்குப் பதிலாக வெனிலா மணம் போட்ட புரதப் பொடி.

போன செப்டம்பரில் மகள் அதைத்தான் ஒரு காகிதக் கோப்பையில் கொண்டுவந்தாள். பள்ளியின் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணியில் யாரோ ஒரு அம்மா செய்து அனுப்பியது. “இதையே நம்ம வீட்லயும் செய்யலாமா?” என்று கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் இருப்பது மிஷிகனின் தென்கிழக்கு மூலையில். இங்கே கிராஸ் கன்ட்ரி என்பது இலையுதிர்காலத்து விளையாட்டு. ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும், நவம்பர் முதல் வாரத்தோடு முடியும். பந்தயம் 5 கிலோமீட்டர், புல்வெளியிலும் காட்டுப் பாதையிலும். பள்ளி முடிந்து, ஓடி முடித்து, ஐந்து மணிக்கு மேல் காரில் ஏறும்போது அவளுக்கு வரும் பசி சாதாரணப் பசி அல்ல. வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும் வரை தாங்காது. பையில் இருந்த சாக்லேட் கட்டியைத் தின்பாள், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அப்புறம் இரவுச் சாப்பாடும் சரியாக இறங்காது. நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத வீடு. வளரும் பெண், இவ்வளவு ஓடுகிறாள், அவளுக்குப் புரதம் போதுமா என்ற கவலை எனக்குள் அந்த வருடம் முழுக்க இருந்தது. சும்மா இருக்கும் ஆளுக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு 1.2 கிராமிலிருந்து மேலே. 50 கிலோ எடைக்கு 60 கிராம். பருப்பு, தயிர், பால் எல்லாம் கூட்டினாலும் சில நாள் இடிக்கத்தான் செய்தது.

அதனால் முதலில் அந்த அம்மா செய்த வழியிலேயே செய்தேன். வே புரதப் பொடி, அதாவது பால் திரிந்தால் பிரிகிற தெளிந்த நீரிலிருந்து எடுக்கும் பொடி, ஒரு பெரிய டப்பா வாங்கினேன். சாக்லேட் வேண்டாம், மேப்பிள் பாகு போடுவோம் என்று பாகைக் கொதிக்கவிட்டு, அதிலேயே பொடியைக் கொட்டினேன். நொடியில் திரிதிரியாகத் திரண்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதைப் போலவேதான் இந்தப் புரதமும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உருக்குலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கொதிக்கும் பாகு 100 டிகிரிக்கு மேல் இருக்கும். இரண்டாவது தடவை எல்லாம் ஆறியபின் தூவினேன். திரளவில்லை, ஆனால் வாயில் போட்டால் விபூதியை அள்ளிப் போட்ட மாதிரி அண்ணத்தில் ஒட்டியது. மகள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

என் அம்மா அப்போது எங்களோடு இருந்தாள். சாத்தூரிலிருந்து ஆகஸ்டில் வந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “கடலையில சத்து இல்லையா? அதுல ஏன் மாவைத் தூவணும்?”

அந்தக் கேள்விதான் எனக்கு வழியைத் திறந்தது. அரிசிச் சீரியலில் புரதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அதனால்தான் வெளியிலிருந்து பொடியைத் தூவ வேண்டியிருக்கிறது. அடிப்படைப் பொருளையே மாற்றிவிட்டால்? சரஸ்வதி பூஜைக்குப் படைக்கும் பொரிகடலையை நினைத்துப் பாருங்கள். அதில் பொரியை எடுத்துவிட்டுக் கடலையைக் கூட்டினால் போதும்.

கணக்குப் போட்டேன். 100 கிராமில் பச்சைப் பூசணி விதைக்கு 30 கிராம் புரதம். வேர்க்கடலைக்கு 25. பொட்டுக்கடலைக்கு 20க்குக் குறையாது. வறுத்த சோயாவுக்கு, நான் வாங்கிய பொட்டலத்துக் கணக்கில், 40. முந்திரி 18, வால்நட் 15, பெக்கான் வெறும் 9. பார்த்தால் விலை குறைந்ததுதான் புரதத்தில் மேலே நிற்கிறது. விதையும் பயறும் சேர்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. புரதத்தைக் கட்டும் செங்கல் போன்றவை அமினோ அமிலங்கள்; சோயா, கொண்டைக்கடலை வகைகளில் அவற்றில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. பூசணி விதையில் நிலைமை தலைகீழ். சோறும் பருப்பும் சேர்ந்து செய்கிற வேலையை இவையும் சேர்ந்து செய்கின்றன.

அடுத்தது வாசனை. இங்கேதான் எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

செப்டம்பர் வந்துவிட்டால் இந்த ஊரில் எங்கே போனாலும் ஒரே மணம். காப்பிக் கடை, ஆப்பிள் தோட்டம், மெழுகுவத்தி, கை கழுவும் சோப்பு வரை. ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்பார்கள். பெயரில் பூசணி இருந்தாலும் பொடியில் பூசணி கிடையாது. பூசணியை உள்ளே வைத்துச் சுடும் ‘பை’ என்ற இனிப்பில் போடுகிற மசாலா என்பதால் அந்தப் பெயர். மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் அதை ஒரே டப்பாவில் கலந்து விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்டார்பக்ஸ் காப்பியில் போட்டபிறகு அது ஒரு பருவத்தின் வாசனையாகவே ஆகிவிட்டது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, பெரும்பாலும் கூடவே ஆல்ஸ்பைஸ். மிஷிகனின் குளிரில் இதில் ஒன்றுகூட விளையாது. பட்டை நம் பக்கத்து மரம், கிராம்பும் ஜாதிக்காயும் மலுக்குத் தீவுகளிலிருந்து உலகம் சுற்றியவை, ஆல்ஸ்பைஸ் ஜமைக்கா பக்கத்துக் காய். ஒரு வெப்பமண்டலத்தின் வாசனையை வைத்துத்தான் இவர்கள் குளிரின் வரவை அறிவிக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் வந்த புதிதில் அந்த மணம் எனக்கு ஒட்டவே இல்லை. பட்டை, கிராம்பு என்றால் என் மூக்குக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் குருமா. இனிப்பு என்றால் ஏலக்காய். குருமா வாசனையடிக்கிற கேக்கை எப்படித் தின்பது? பல வருடங்கள் ஒதுக்கியே வந்தேன். போன வருடம் அம்மா தீபாவளி லேகியம் கிண்டியபோதுதான் அது மாறியது. சுக்கு, ஓமம், கண்டந்திப்பிலி, வெல்லம், நெய். அடுப்பிலிருந்து எழுந்த ஆவியில் காரமும் இனிப்பும் கலந்து வந்தது. அட, இதுவும் அதே மாதம்தானே. ஐப்பசியில் மழையும் குளிரும் தொடங்கும்போது உடம்புக்குச் சூடு கொடுக்க நாம் சுக்கையும் வெல்லத்தையும் சேர்க்கிறோம். அதே அக்டோபரில் இவர்கள் சுக்கையும் பட்டையையும் சர்க்கரையோடு சேர்க்கிறார்கள். அன்றைக்கு அந்த வாசனை எனக்கு உறவாகிவிட்டது. அதனால்தான் என் கலவையில் சுக்கு மற்றவர்கள் போடுவதைவிடக் கூடுதல்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கடையில் சின்னமன் என்று விற்பது பெரும்பாலும் காசியா என்ற தடித்த பட்டை. காரமும் மணமும் அதிகம், கூடவே கூமரின் என்ற பொருளும் அதிகம். அது மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதோ ஒருமுறை என்றால் கவலையில்லை. தினமும் தின்னப் போகிற பண்டத்துக்கு இலங்கைப் பட்டையே நல்லது. மெல்லிசாக, சுருட்டு மாதிரி பல அடுக்காக இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நான் முழுப் பட்டையை வாங்கி வீட்டில்தான் பொடிக்கிறேன். 2023இல் பட்டைத் தூளில் ஈயம் கலந்திருந்ததால் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பிறகு தூளாக வாங்க மனம் வரவில்லை.

சரி, அளவுக்கு வருகிறேன். பூசணி விதை, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, உப்பில்லாத வறுத்த சோயா, நான்கும் தலா 150 கிராம். பெக்கான் 50 கிராம், புரதத்துக்காக அல்ல, அந்த வெண்ணெய் மாதிரியான சுவைக்காக. வெல்லம் 100 கிராம், மேப்பிள் பாகு 2 மேசைக்கரண்டி, நெய் ஒன்றரை மேசைக்கரண்டி. பட்டைத் தூள் 2 தேக்கரண்டி, சுக்குத் தூள் ஒன்றரை, ஜாதிக்காய் துருவியது அரை, ஆல்ஸ்பைஸ் அரை, கிராம்புத் தூள் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் பல் வலி மருந்து போல ஆகிவிடும். உப்பு அரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. கடைசியாகக் காய்ந்த புளிப்புச் செர்ரி 75 கிராம்.

பூசணி விதை என்றால் தோலில்லாத பச்சை விதை, பொட்டலத்தில் பெப்பிட்டா என்று போட்டிருக்கும். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பூசணியிலிருந்து அள்ளுகிற வெள்ளை விதையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தோல் சக்கையாக வாயில் நிற்கும். பச்சை விதையை வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுத்தால் கடுகு போலப் படபடவென்று வெடித்து உப்பும். பாதி உப்பியதும் இறக்கிவிடலாம், மீதி ஓவனில் வறுபடும்.

பூசணி விழுதையும் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். பூசணியில் 100க்கு 90 பங்கு தண்ணீர். பாகில் அது கலந்தால் எவ்வளவு நேரம் சுட்டாலும் மொறுமொறுப்பு வராது. அந்த விழுதை ஓட்ஸ் கஞ்சியில் போடுங்கள், அருமையாக இருக்கும். இங்கே டப்பாவில் அடைத்து விற்கும் பூசணி பெரும்பாலும் நம் பரங்கிக்காயின் இனம்தான் என்று தெரிந்தபோது, ஒரு டப்பாவை உடைத்து அம்மா பரங்கிக்காய்ப் பால் கூட்டுச் சுவையில் ஒன்று செய்து கொடுத்தாள். அது வேறு கதை.

இனிப் பாகு. இந்தப் பண்டம் நன்றாக வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி கூப்பிடு தூரம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்து வீடுகளில் பாகுப் பதம் பார்க்கத் தெரியாத கை குறைவு. அம்மாவின் முறை: கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பாகை விட வேண்டும். கரைந்தால் ஆகவில்லை. திரட்டினால் மெத்தென்று உருண்டால் ஒரு பதம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் உருண்டை இறுகும். அதைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அதுதான் மிட்டாய்ப் பதம். வெப்பமானியில் பார்த்தால் மெத்தென்ற உருண்டை 112 முதல் 116 டிகிரி செல்சியஸ், டங்கென்ற சத்தம் 146க்கு மேல்.

நான் எடுத்து வைத்த வெல்லத்தைப் பார்த்து அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. “இவ்வளவு கடலைக்கு இத்துணூண்டு வெல்லமா? எப்படி ஒட்டும்?” அவள் கணக்கில் கடலை ஒரு பங்கு என்றால் வெல்லம் முக்கால் பங்காவது வேண்டும். கடலை மிட்டாய்க்கு அது சரி, அங்கே பாகு ஒன்றையொன்று பிணைக்க வேண்டும். இங்கே எனக்கு ஒவ்வொரு கடலையின் மேலும் ஒரு மெல்லிய பூச்சு போதும், உதிரியாக இருந்தால்தான் ஓடி வந்த பிள்ளை கைவிட்டு அள்ளித் தின்ன முடியும். ஆனால் இவ்வளவு கொஞ்சப் பாகை மிட்டாய்ப் பதத்தில் ஊற்றினால், நாலு கடலையில் பட்டதுமே இறுகிவிடும். மற்றவை மொட்டையாக நிற்கும். முதல் தடவை அப்படித்தான் ஆனது.

அம்மாதான் யோசித்தாள். “அப்போ பாதியில இறக்கு. மிச்சத்தை அந்த அடுப்பு பாத்துக்கட்டும்.” அந்த அடுப்பு என்றால் ஓவன்.

அதுதான் தீர்வு. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மேப்பிள் பாகோடு கொதிக்கவிட்டு, மெத்தென்று உருளும் பதத்திலேயே தீயை அணைத்துவிட வேண்டும். நெய், உப்பு, ஆப்ப சோடா. சோடா பட்டதும் பாகு நுரைத்துப் பொங்கும், நிறம் வெளுக்கும், அந்த நுரைதான் மெல்லிசாகப் பரவ உதவுகிறது. மசாலாத் தூள் எல்லாம் இப்போதுதான். முன்பே போட்டால் கருகிக் கசக்கும். கடலைகள் ஓவனில் சூடாகக் காத்திருக்க வேண்டும், ஆறிப்போன கடலையில் சூடான பாகை ஊற்றினால் அது அங்கேயே உறைந்துவிடும். ஊற்றி, கிளறி, பேக்கிங் தாள் விரித்த தட்டில் பரப்பி, 250 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 120 செல்சியஸில், 45 நிமிடம். கால் மணிக்கு ஒருமுறை எடுத்துப் புரட்டிவிட வேண்டும். முதல் புரட்டலில் பிசுபிசுவென்று இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்றாவது புரட்டலில் ஒவ்வொரு கடலையும் பளபளவென்று தனித்தனியாக நிற்கும்.

சூடாக இருக்கும்போது மொறுமொறுப்புத் தெரியாது. இரண்டு கடலையை எடுத்து ஜன்னலோரம் வைத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம். அம்மாவின் தட்டும் தண்ணீரும் இல்லாமல் போனாலும் காதுதான் கடைசியில் முடிவு சொல்கிறது.

செர்ரியை மட்டும் கூடவே கலந்து வைக்கக் கூடாது. மிஷிகனின் வடமேற்கே டிராவர்ஸ் சிட்டி பக்கம் விளைகிற புளிப்புச் செர்ரி இது, இந்த நாட்டின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி இந்த மாநிலத்திலிருந்துதான். வெல்லத்தின் அடர்த்திக்கும் கிராம்பின் காரத்துக்கும் நடுவே அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது வாயில் திகட்டும். ஆனால் காய்ந்த பழத்திலும் ஈரம் இருக்கிறது. ஒரே டப்பாவில் இரண்டு நாள் கிடந்தால் அந்த ஈரம் பொட்டுக்கடலைக்கு ஏறி, கடலை நமுத்துப்போகும். தனி டப்பாவில் வைத்து, காலையில் பையில் கட்டும்போது ஒரு பிடி சேர்க்கிறேன்.

மொத்தம் 865 கிராம் வருகிறது. 50 கிராம், ஒரு நல்ல கைப்பிடி, 10 கிராம் புரதம் கொடுக்கிறது. சர்க்கரை 9 கிராமுக்குச் சற்று மேல். கலோரி 250 போல. அமெரிக்க உணவு லேபிள் விதியில் புரதத்துக்கு ஒரு நாளைய அளவு 50 கிராம் என்று வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் அதிகப் புரதம் என்று போட முடியும். லேபிளில் போடுவதென்றால் புரதத்தின் தரத்தையும் பார்த்துக் கழிப்பார்கள், ஆனாலும் வெறும் கிராம் கணக்கில், பொடி எதுவும் தூவாமல், என் கைப்பிடி அந்த 10 கிராமைத் தொட்டுவிட்டது. உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிற எனக்கு அதில் பாதிக் கைப்பிடி போதும். கடலையும் விதையும் கொழுப்பு நிறைந்தவை, ஓடாத உடம்பு அதைக் கணக்கு வைக்கும்.

அணியில் ஒரு பெண்ணுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இதைக் கேட்காமல் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது, மிட்டாய்ப் பூச்சுக்குள் கடலை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அவளுக்காக, அவள் அம்மாவிடம் எல்லாப் பொருளையும் சொல்லிக் கேட்டுவிட்டு, புதுப் பொட்டலங்கள் பிரித்து, தனி வாணலியில், வேர்க்கடலைக்குப் பதில் பூசணி விதையையே இரட்டிப்பாக்கிச் செய்தேன். உண்மையில் எனக்கு அந்தக் கலவைதான் இன்னும் பிடித்திருந்தது.

நவம்பர் முதல் சனிக்கிழமை மாநிலப் போட்டி. புரூக்ளின் என்ற சின்ன ஊரில் இருக்கும் கார்ப் பந்தய மைதானத்தில் நடக்கும். மகள் அந்த வருடம் ஓடவில்லை, அவள் அணியின் மூத்த பெண்கள் இருவர் ஓடினார்கள். எல்லோரும் கைதட்டப் போனோம். காற்று காதைக் கிழித்தது. அம்மா சால்வைக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு நின்றாள். ஓடி முடித்த பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது, மகள் இரண்டு பெரிய டப்பாக்களைத் திறந்து நீட்டினாள். ஒன்று நீல மூடி, ஒன்று வேர்க்கடலை இல்லாத சிவப்பு மூடி. கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினார்கள். இது என்ன மசாலா என்று ஒருத்தி கேட்டாள். மகள் “எங்க ஆச்சியோடது” என்று அம்மாவைக் காட்டினாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தலையை ஆட்டி, இன்னும் எடு என்று டப்பாவைத் தள்ளினாள்.

இரண்டு டப்பாவும் காலி. நீல மூடி டப்பாவின் அடியில் உடைந்த பாகும் மசாலாத் தூளுமாக ஒரு கரண்டி கிடந்தது. மறுநாள் காலை அதை அம்மா வழித்துத் தேநீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள்.